‘தலை வலிக்கிறது’ என்று சொல்லத் தெரிய வேண்டும்: பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்விப் பயணத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு

“காக்கா, படிக்கப் போன புள்ளைய மலை ஏற அனுப்புறாங்களாம். இது என்ன படிப்பு?”

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த நேரம் என் தங்கை தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். அவளுடைய மூத்த மகள், அதாவது என் மருமகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புலமைப்பரிசில் பெற்று சுற்றாடல் கற்கை படிக்கிறாள். மூன்றாம் வருடத்தில் ஒரு பருவத்தை நேபாளத்தில் கழிக்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்திருந்தது. மொத்தம் மூன்றரை மாதம். காத்மண்டுப் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்தோடு தங்கி மொழியும் பாடமும் படிப்பது, மலைக் கிராமம் ஒன்றில் இன்னொரு குடும்பத்தோடு சில நாட்கள், பிறகு மலைப்பாதையில் ஏறக்குறைய பத்து நாள் நடை, கடைசி ஒரு மாதம் சொந்த ஆய்வு. கடிதத்தில் இவ்வளவும் இருந்தன.

தங்கையின் கணவர் கட்டாரில் இருக்கிறார். ஆகவே வழக்கம்போல் விடயம் என்னிடம் வந்தது. நான் ஆசிரியர், ஆங்கிலக் கடிதம் வாசிப்பவன். எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் பாடசாலைச் சுற்றுலா ஒன்றை எப்படி ஒழுங்கு செய்வது என்று கற்றிருக்கிறேன். பெற்றோரின் சம்மதக் கடிதம், முதலுதவிப் பெட்டி, பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது. அதற்கு மேல் எனக்குப் பழக்கமில்லை. ஆகவே தேடி வாசித்தேன், கேட்டு அறிந்தேன், தங்கைக்கு விளக்கினேன், பிள்ளையும் போய் வந்தாள். அந்தத் தேடலில் நான் கற்றவற்றையும் இடையில் நான் விட்ட ஒரு பிழையையும் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் இருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் தொகை கூடி வருகிறது. இப்படி ஒரு கடிதம் நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

வீட்டில் தங்கி என்ன படிப்பது?

தங்கையின் முதல் சந்தேகம் நியாயமானது. பல்கலைக்கழகத்துக்கு விடுதி இருக்கும்போது முன்பின் தெரியாதவர் வீட்டில் ஏன் தங்க வேண்டும்?

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ‘சர்வதேச வாழ்வில் ஒரு பரிசோதனை’ என்பது அதன் பெயரின் பொருள். ஒரு நாட்டைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அந்த நாட்டுக் குடும்பம் ஒன்றில் ஒருவராக வாழ வேண்டும் என்பதே அந்த அமைப்பின் அடிப்படையானது. அதே அமைப்பின் வழியில் 1964இல் உருவான சர்வதேசப் பயிற்சிக் கல்லூரி, பிற்காலத்தில் நேபாளம் உட்படப் பல நாடுகளில் மாணவர்களுக்கான பருவத் திட்டங்களை நடத்தியது. இன்று பல பல்கலைக்கழகங்கள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன.

நேபாளத்திலோ வீட்டுத் தங்கல் கிராமத்தவரின் சொந்த முயற்சியாகவும் வளர்ந்தது. சியாங்ஜா மாவட்டத்தில் உள்ள சிருபாரி என்ற குருங் கிராமம் 1997இல் இதைத் தொடங்கியது. விருந்தினர் விரும்பிய வீட்டில் போய் இறங்க முடியாது. கிராமக் குழுவே முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பும். அதனால் வருமானம் ஒரே வீட்டில் தேங்காது, விருந்தினருக்கு ஒரு குறை என்றால் பதில் சொல்ல ஒரு குழுவும் இருக்கும். 2010இல் நேபாள அரசு இதற்கென விதிமுறை வகுத்தது. எங்கள் கிராமங்களில் பள்ளிவாசல் நிர்வாகம் விருந்தாளிகளை வீடு வீடாகப் பிரித்து அனுப்புவதை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு உடனே விளங்கும்.

விடுதி அறையில் பிள்ளை வாடிக்கையாளர். குடும்பத்தில் அவள் விருந்தாளி. விடுதியில் பிடிக்காததை முறைப்பாடு செய்யலாம், வீட்டில் விளக்கித்தான் சொல்ல வேண்டும். என்ன சாப்பிடுவேன், எதைச் சாப்பிட மாட்டேன், எத்தனை மணிக்கு எழும்புவேன் என்று அரைகுறை மொழியில், வெட்கத்தை விட்டு, ஒரு புதிய மனிதரிடம் சொல்லப் பழகுவதுதான் வீட்டுத் தங்கலில் படிக்கும் முதல் பாடம். மற்றப் பாடங்கள் அதற்குப் பிறகே வருகின்றன. நான் இதைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன்.

‘சைவம்’ என்று எழுதியதால் வந்த சிக்கல்

திட்டத்தில் சேரும்போது மாணவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உணவு பற்றிய இடத்தில் என் மருமகள் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினாள். ஹலால் என்றால் என்ன என்று விளக்கப் போனால் கதை நீளும், சைவம் என்றால் எல்லோருக்கும் விளங்கும் என்பது அவள் கணக்கு.

ஒரு வகையில் கணக்குச் சரிதான். நேபாளத்தின் அன்றாட உணவு தால் பாத். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஊறுகாய். மூன்று வேளையும் கிடைத்தாலும் எங்கள் வயிற்றுக்கு அந்நியமில்லை. மோமோவுக்குள் பெரும்பாலும் எருமை இறைச்சியோ கோழியோ இருக்கும், அதைத் தவிர்த்தால் சரி.

ஆனால் லலித்பூரில் அவளை ஏற்ற நேவார் குடும்பத்தினர், படிவத்தைப் பார்த்து அவளை மரக்கறி உண்ணும் இந்துப் பிள்ளை என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒக்டோபரில் தசைன் பெருநாள் வந்தது. அந்த நாளில் வீட்டின் பெரியவர்கள் இளையவர்களின் நெற்றியில் அரிசியும் தயிரும் குங்குமமும் கலந்த டீக்கா இட்டு வாழ்த்துவார்கள். வீட்டுத் தாய் தன் பிள்ளைகளோடு சேர்த்து இவளுக்கும் ஒரு பாய் விரித்திருந்தார். கடைசி நேரத்தில்தான் இவள் தான் முஸ்லிம் என்பதையும், இந்தச் சடங்கு தங்கள் மார்க்கத்தில் இல்லை என்பதையும் சொன்னாள்.

அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை. பழங்களைக் கையில் கொடுத்து, தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு, “முன்பே சொல்லியிருக்கலாமே” என்றாராம். அன்று பின்னேரமே அவளுடைய அறையில் துப்புரவான பாய் ஒன்றைப் போட்டு, தொழும் திசை எது என்று கேட்டார். மேற்கு என்றாள். மேற்குப் பக்கச் சுவரோடு இருந்த அலுமாரியை அவரே நகர்த்தி வைத்தார். அதற்கு முந்திய மூன்று வாரமும் பிள்ளை அந்த அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒடுங்கி நின்று தொழுதிருக்கிறாள்.

முஸ்லிம் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்ததும் பிழை. 2021 குடிசன மதிப்பீட்டின்படி நேபாள மக்களில் ஏறக்குறைய 5 வீதத்தினர் முஸ்லிம்கள். பெரும்பாலானோர் இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் வாழ்கின்றனர். மலைப் பகுதிகளில் சுரௌத்தே என்று அழைக்கப்படும் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். வளையல் செய்து விற்பது அவர்களின் பரம்பரைத் தொழில். காத்மண்டு நகரின் நடுவே, மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே காஷ்மீரி தக்கியாவும் ஜாமிஆ பள்ளிவாசலும் உள்ளன. அந்த வீட்டுத் தாயாருக்கு வளையல் கொண்டுவருபவரே ஒரு முஸ்லிம்தானாம்.

மொழியும் அவளுக்குச் சிரிப்பூட்டியது. நேபாளியில் ‘ஆமா’ என்றால் உம்மா, ‘தாய்’ என்பதைப் போல ஒலிக்கும் சொல்லுக்கு மூத்த சகோதரன் என்று பொருள். தொலைபேசியில் பக்கத்தில் நின்று “ஆமா, ஆமா” என்று அவள் கூப்பிடுவதைக் கேட்ட என் தங்கை, மகள் யாருக்கோ ஓயாமல் ஆமாம் போடுகிறாள் என்று பயந்துவிட்டாள்.

எங்களுக்குப் பழக்கமில்லாத உயரம்

இனி மலைக்கு வருவோம். பெற்றோர் மலை என்றதும் வழுக்கி விழுவதை நினைத்துப் பயப்படுகிறார்கள். அதற்கும் இடமுண்டு. ஆனால் இமயப் பாதைகளில் நன்கு அறியப்பட்ட, தடுக்கக்கூடிய ஆபத்து வேறொன்று: உயரம்.

இலங்கையின் மிக உயர்ந்த இடமான பீதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். பாவா ஆதம் மலை 2,243 மீற்றர். மலை நோய் பொதுவாக ஏறக்குறைய 2,500 மீற்றருக்கு மேல் தங்கும்போதே தொடங்குகிறது. அதாவது இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, எத்தனை மலை ஏறியிருந்தாலும், உயரத்தின் வருத்தம் எப்படி இருக்கும் என்று உள்ளூரில் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லை.

மருமகளின் குழு சென்றது லாங்டாங் பள்ளத்தாக்குக்கு. காத்மண்டுவுக்கு வடக்கே, திபெத் எல்லைக்கு அருகே, 1976இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பகுதி. முதலில் பிரிதிம் என்ற தாமாங் கிராமத்தில் ஐந்து இரவு, அது சுமார் 2,200 மீற்றர். அங்கிருந்து லாமா ஹொட்டேல் என்ற தங்குமிடம், 2,480 மீற்றர் அளவில். பிறகு லாங்டாங் கிராமம் 3,430 மீற்றர். கடைசியாக கியாஞ்சின் கோம்பா 3,870 மீற்றர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும்.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் வேண்டும். 3,000 மீற்றரைத் தாண்டிய பிறகு உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் கணக்கு இரவு உறங்கும் உயரத்துக்குத்தான். லாமா ஹொட்டேலில் இருந்து லாங்டாங் கிராமத்துக்குப் பலர் ஒரே நாளில் போகிறார்கள். அது ஏறக்குறைய 950 மீற்றர் ஏற்றம். மருமகளின் திட்டத்தில் இடையில் கோடா தபேலா என்ற இடத்தில் ஓர் இரவு தங்க வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியைக் கண்ட பிறகுதான் திட்டத்தை வகுத்தவர்கள் விபரம் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

நோயின் அடையாளங்கள் சாதாரணமானவை: தலைவலி, குமட்டல், அசதி, தலைச்சுற்று. இவை வந்தால் மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் அது உயிராபத்து, உடனே இறக்க வேண்டும். இளமையும் உடற்பலமும் இதற்குக் காப்பு இல்லை. பந்தயத்தில் ஓடும் பிள்ளைக்கும் வரும், பக்கத்தில் நடக்கும் வயதானவருக்கு வராமலும் போகும்.

இந்த நோயை முதலில் அறிபவர் நோயாளி மட்டுமே. தலைவலி வெளியே தெரியாது. அதனால் நல்ல குழுக்களில் ஒவ்வொரு மாலையும் நான்கு கேள்வி கேட்பார்கள்: தலைவலி, வயிற்றுக் குழப்பம், அசதி, தலைச்சுற்று. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மாணவர் தாமே புள்ளி சொல்ல வேண்டும். முழு ஏற்பாடும் அந்த வாய்மொழியை நம்பித்தான் நிற்கிறது.

அந்த இரவு

லாங்டாங் கிராமத்துக்கு ஒரு துயரம் உண்டு. 2015 ஏப்ரல் 25ஆம் திகதி நேபாளத்தை 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோது, மேலிருந்து பனியும் பாறையும் சரிந்து அந்தக் கிராமத்தை மூடிவிட்டன. பாறைச் சுவர் ஒன்றின் அடியில் நின்ற ஒரே ஒரு கட்டடம் தப்பியது. கிராமத்தவரும் பயணிகளுமாக 200க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தனர். இன்றைய கிராமம் அதற்குச் சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டது. பாதை அந்தக் கற்குவியலின் மேலாகத்தான் போகிறது.

அவர்கள் தங்கிய இடத்தின் பெண்மணி தன் வீட்டில் இழந்தவர்களை விரல் விட்டு எண்ணிக் காட்டினாராம். மருமகள் தன் ஊரைச் சொன்னாள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அவள் கைக்குழந்தை. அவளுடைய வாப்பாவின் உம்மா அந்தக் கடலோடு போனவர். இருவருக்கும் பொது மொழி அதிகமில்லை, அந்த அடுப்பருகில் அதிகம் தேவைப்படவும் இல்லை.

அன்று மாலை அவளுக்குத் தலை வலிக்கத் தொடங்கியிருந்தது. நான்கு கேள்விக்கும் பூச்சியம் என்றாள். உம்மா பையில் வைத்துக் கொடுத்த பனடோலில் இரண்டை யாருக்கும் தெரியாமல் விழுங்கினாள். அடுத்த நாள் ஓய்வு. வலி குறைந்தும் கூடியும் இருந்தது, மீண்டும் பனடோல், மீண்டும் பூச்சியம். மூன்றாம் நாள் கியாஞ்சினுக்கு ஏறினாள். நள்ளிரவில் வாந்தி. கூட உறங்கிய தோழி பயந்து விரிவுரையாளரை எழுப்பினாள். வழிகாட்டியான தாமாங் இளைஞர் டோர்ச் வெளிச்சத்தில் அவளைக் கோடு போட்டதுபோல் நேராக நடந்து காட்டச் சொன்னார். நல்லவேளை நடந்தாள். விடியும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் ஒரு விரிவுரையாளரோடு அவளைக் கீழே அழைத்துச் சென்றார்கள். கோடா தபேலாவை அடையும்போது வலி பாதி குறைந்திருந்தது. லாமா ஹொட்டேலில் இரவு முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டாள். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவோடு முடிந்தது.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது இதை அவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். ஏன் மறைத்தாய் மகள் என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னாள்.

ஒன்று, “அத்தனை பேரைப் பறிகொடுத்த ஊருல நின்று எனக்குத் தலை வலிக்குதுன்னு சொல்ல வெட்கமா இருந்திச்சு.”

இரண்டு, “காய்ச்சல் தலைவலி ஏதும் வந்தா அடுத்த பிளைட்ல ஊருக்கு வந்துரணும்னு உம்மா சத்தியம் வாங்கியிருந்தா.”

மூன்றாவதைச் சொல்லத் தயங்கினாள். நான் வற்புறுத்தினேன்.

“போகும்போது நீங்க சொன்னீங்களே மாமா. எங்கட ஊர்ப் புள்ள ஒண்டு போறது இதுதான் முதல் தடவை, யாருக்கும் பாரமா இருந்துராத, நம்மட பேரைக் காப்பாத்துன்னு.”

சொன்னேன்தான். விமான நிலையத்தில் வைத்து, பெருமையோடு சொன்னேன். இருபது வருடமாக ஒவ்வொரு சுற்றுலாவிலும் என் மாணவர்களுக்குச் சொல்லும் வாக்கியம் அது. காத்மண்டு மொழி வகுப்பில் முதல் வாரமே அவளுக்கு ‘டாவுகோ துக்யோ’ என்று கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். தலை வலிக்கிறது என்று அர்த்தம். நேபாளியில் சொல்லத் தெரிந்த பிள்ளையின் வாயை, தமிழில் நான் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

அனுப்புமுன் கேட்க வேண்டியவை

இந்தக் கதையைக் கேட்டு “இதற்குத்தான் பிள்ளைகளை அனுப்பக் கூடாது” என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. திட்டம் சரியாகவே இருந்தது. படிப்படியான ஏற்றம், மாலைக் கேள்விகள், பக்கத்தில் இருந்து பார்த்த வழிகாட்டி, தயங்காமல் கீழே இறக்கிய முடிவு. பிழை பிள்ளை மறைத்ததில் இருந்தது. அதற்கு வழி செய்தவர்கள் நாங்கள். ஆகவே பெற்றோர் ‘போகலாமா கூடாதா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்காமல் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு இரவும் எத்தனை மீற்றரில் உறங்குவார்கள் என்ற பட்டியல். அதைத் தர முடியாத திட்டத்தை நம்ப வேண்டாம். ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால் அவளோடு கீழே இறங்குவது யார், மற்றவர்களோடு நிற்பது யார் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, வழிகாட்டி. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பயணிகள் மலைப்பாதைகளில் அனுமதி பெற்ற வழிகாட்டியோடு செல்ல வேண்டும் என்று நேபாளம் விதித்துள்ளது. அவருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா, சுமை தூக்கி வருவோருக்குக் காப்புறுதி உண்டா என்பதையும் கேளுங்கள். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்.

மூன்றாவது, பருவகாலம். ஒக்டோபர், நவம்பரும் மார்ச், ஏப்ரலும் நல்ல மாதங்கள். ஆயினும் 2014 ஒக்டோபரில் வங்காள விரிகுடாவில் உருவான ஹுட்ஹுட் சூறாவளியின் மிச்சம் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகி 40க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. வானிலை மாறினால் திரும்பி வர முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, காப்புறுதி. எத்தனை மீற்றர் உயரம்வரை அது செல்லும், ஹெலிகொப்டர் மீட்பு அதில் அடங்குமா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் மலைநடைக்கு உயர எல்லை உண்டு.

ஐந்தாவது, தங்கும் குடும்பம். அவர்களை யார் தெரிவு செய்கிறார்கள், பிள்ளைக்கு உள்ளே பூட்டக்கூடிய அறை உண்டா, ஒத்துவராவிட்டால் காரணம் பெரிதாகச் சொல்லாமலே வேறு வீட்டுக்கு மாற முடியுமா, இரவில் அழைக்க உள்ளூர் இணைப்பாளரின் இலக்கம் எது. மலைக் கிராமங்களில் விருந்தினருக்குத் தினையில் வடித்த ரக்சி என்ற மதுவைக் கொடுப்பது மரியாதை. சிரித்த முகத்தோடு கையால் கோப்பையை மூடி மறுக்கலாம் என்பதையும், அதை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஆறாவது, விசா. சார்க் நாட்டவர் என்பதால் எங்களுக்கு நேபாளத்தில் 30 நாள் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு முழுப் பருவத்துக்கு அது போதாது. மீதிக் காலத்துக்கு யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பெண் பிள்ளை மஹ்ரமின்றிப் பயணிப்பது பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது முழு விபரத்தையும் முன்வையுங்கள்: யார் யார் போகிறார்கள், பெண் விரிவுரையாளர்கள் எத்தனை பேர், எங்கே உறங்குவார்கள், எத்தனை நாள். என் தங்கை அப்படித்தான் விபரக் கடிதத்தோடு போய்க் கேட்டு, மனம் தெளிந்தாள். பாதியை மறைத்துக் கேட்டால் கிடைப்பதும் பாதிப் பதில்தான்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது

விமான நிலையத்தில் நான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெற முடியாது. இப்போது சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன்: “வருத்தம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல். வழிகாட்டியிடம், விரிவுரையாளரிடம், அந்த வீட்டு உம்மாவிடம். எங்களுக்குப் பிறகு சொல்லலாம். நாங்கள் கத்தமாட்டோம், திரும்பி வா என்று உடனே சொல்லவும் மாட்டோம். மருந்து எடுத்தால் என்ன எடுத்தாய் என்பதையும் அவர்களிடம் சொல்.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. பனடோல் எடுப்பது குற்றமில்லை. யாருக்கும் தெரியாமல் எடுத்தால் அது வலியைக் குறைத்து, வருகிற ஆபத்தின் அடையாளத்தையும் மூடிவிடும். வீட்டில் ஒரு சிறு தலைவலிக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சத்தமிட்டால், அடுத்த தலைவலியைப் பிள்ளை தன்னோடு வைத்துக்கொள்ளும். அது பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மலைக்குப் போனபின் திருத்த நேரம் இருக்காது.

தங்கை முதலில் அழுதாள், பிறகு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது மகள் அந்த லலித்பூர் வீட்டுத் தாயோடு வட்ஸ்அப்பில் கதைக்கும்போது இவளும் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, கற்றுக்கொண்ட ஒரே நேபாளச் சொல்லால் “ஆமா, ஆமா” என்று அழைக்கிறாள். அவருடைய மகனும் கட்டாரில்தான் வேலையாம். அந்த இரு தாய்மாருக்கும் பேசக் கதை நிறைய இருக்கிறது.

சென்ற தவணையில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றோம். புறப்படுமுன் வழக்கமான அறிவுரையை விட்டுவிட்டு, “பஸ்ஸில் போனால் வாந்தி வருபவர்கள் கை தூக்குங்கள்” என்றேன். ஒரு கையும் எழவில்லை. “எனக்கு வரும், அதனால்தான் நான் எப்போதும் முன் ஆசனத்தில் இருக்கிறேன்” என்று என் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு ஒவ்வொன்றாகப் பதினொரு கைகள் எழுந்தன.